வௌவால் ஒன்றா, பலவா?

சென்ற மாரிகாலத்தில் ஒருநாள் முன்னிரவு வேளை, எமது கல்லூரி விடுதியின் படிப்பறைக்குள் வௌவால் ஒன்று புகுந்துவிட்டது. மின்விளக்கைச் சுற்றி அது இரண்டொரு முறை வட்டமிட்டதுதான் தாமதம், மாணாக்கர் அனைவரும் எழுந்து கூச்சலிடத் தொடங்கினர். ஒருவன் கொப்பியை எறிந்தான். மற்றொருவன் தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். நாம் சென்று தடுப்பதற்குள் அச்சிறு பிராணி சுவரோரத்தில் விழுந்து கிடந்தது.

ஆரவாரம் அடங்கியபின், வகுப்பிலே அதிகம் பேசாத சிறுவன் ஒருவன் குனிந்து அதை உற்றுப் பார்த்தான். "சேர், இது என்ன வௌவால்?" என்று கேட்டான்.

"வௌவால்தான்" என்றோம்.

"அது தெரியும் சேர். எந்த வௌவால்?" என்றான்.

எமக்கு விடை தெரியவில்லை. முலையூட்டிகளின் பாகுபாட்டை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் கற்பித்து வரும் நாம், எமது கூரையின் கீழே வாழ்ந்த ஓர் உயிரின் பெயரைச் சொல்லமாட்டாது நின்றோம். அன்றிரவு தொடங்கி நாம் தேடிப் படித்தவற்றுள் சிலவற்றையே இங்கு வாசகர்களோடு பகிர்ந்துகொள்கின்றோம்.

கையே சிறகு

வௌவால் பறவையன்று என்பதைச் சிறுபிள்ளையும் அறியும். குட்டியீன்று பாலூட்டும் அது, முலையூட்டிகளுள் உண்மையாகவே பறக்கவல்ல ஒரே கூட்டமாகும். பறக்கும் அணில் முதலியன மரத்துக்கு மரம் சறுக்கிச் செல்வனவே. வௌவாலின் சிறகை விரித்துப் பார்த்தால், அது நம் கையைப் போன்ற ஒரு கையே என்பது விளங்கும். பெருவிரல் கொக்கிபோல் வெளியே நிற்க, மற்றை நான்கு விரல்களும் குடைக்கம்பிகள்போல் நீண்டு மெல்லிய தோலைத் தாங்கி நிற்கின்றன. கைச்சிறகி எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரால் விலங்கியலார் இக்கூட்டத்தை வழங்குவது இதுபற்றியே.

பழந்தமிழர் வாவல் என்றும் துரிஞ்சில் என்றும் இவற்றைக் குறித்தனர். இன்று நம்மிற் பலருக்கு வௌவால் என்ற ஒரு சொல்லே போதுமானதாயிருக்கின்றது. ஆனால், உலகில் இதுவரை அறியப்பட்ட வௌவால் இனங்களோ 1,400க்கும் மேற்பட்டவை. முலையூட்டி இனங்கள் அனைத்தையும் ஐந்து பங்காக்கினால் ஏறக்குறைய ஒரு பங்கு வௌவால்களே. எலி, அணில் முதலிய கொறிப்பனவற்றை விட்டால், இத்துணை இனங்களைக் கொண்ட முலையூட்டிக் கூட்டம் வேறில்லை.

இரண்டு கிராமும் ஒன்றரை மீற்றரும்

தாய்லாந்திலும் மியன்மாரிலும் உள்ள சுண்ணாம்புக்கற் குகைகளில் வாழும் பன்றிமூக்கு வௌவாலின் நிறை இரண்டு கிராம் அளவே. தேனீயினும் சற்றுப் பெரிய வண்டொன்று பறப்பதாகவே காண்போர் எண்ணுவர். பிலிப்பைன்ஸ் நாட்டுக் காடுகளில் வாழும் பொன்முடிப் பழந்தின்னி வௌவாலோ ஒரு கிலோகிராமுக்கும் மேற்பட்ட நிறையுடையது. அதன் சிறகுகளை விரித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒன்றரை மீற்றருக்குக் குறையாது. இவ்விரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது, சுண்டெலியையும் எருமையையும் ஒரே பெயரால் அழைப்பதற்கு ஒப்பாகும்.

அந்தச் சின்னஞ்சிறு வௌவாலைக் கண்டறிந்தவர் கிட்டி தொங்லோங்யா என்னும் தாய்லாந்து விலங்கியலறிஞர். அவர் 1974 இல் காலமாக, பிரித்தானிய அறிஞர் ஜே. ஈ. ஹில் என்பவர் அவ்வாண்டே அவ்வினத்தை விவரித்துக் கிட்டியின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

கிட்டியின் பெயரோடு தமிழகத்து மலையொன்றும் தொடர்புடையது. 1948 இல் மதுரைச் சீமையைச் சேர்ந்த மேகமலையிலே அங்கஸ் ஹட்டன் என்ற ஆங்கிலேயர் ஒரு வௌவாலைப் பிடித்துப் பதப்படுத்தினார். நம் ஊர்களிற் சாதாரணமாகக் காணப்படும் குறுமூக்குப் பழந்தின்னி வௌவால் என்று எண்ணப்பட்டு, அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துச் சேமிப்பிலே இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. அதை எடுத்து மீண்டும் நோக்கிய கிட்டி, பற்களின் அமைப்பிலே வேறுபாடு கண்டார். குறுமூக்கு வௌவாலுக்குரிய சிறுவால் அதற்கு இல்லாமையையும் கண்டார். அது புதியதோர் இனம் மட்டுமன்று, புதியதொரு சாதியையும் சேர்ந்தது என்று 1972 இல் நிறுவினார். பறவையியல் மேதை சலீம் அலியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. தென்னிந்திய மலைகளையன்றி உலகில் வேறெங்கும் இல்லாத அவ்வுயிர், கண்ணெதிரே பெட்டியிற் கிடந்தும் கால் நூற்றாண்டளவு இன்னதென்று அறியப்படாமலே இருந்தது. எம்மிடம் கேள்வி கேட்ட சிறுவனை நினைக்கும்போதெல்லாம் இந்நிகழ்ச்சியும் எமக்கு நினைவு வருகின்றது.

அயன மண்டலத்தின் செல்வம்

பனிபடர்ந்த துருவங்கள் நீங்கலாக உலகெங்கும் வௌவால்கள் உள்ளன. எனினும் பூமத்திய ரேகையை நோக்கிச் செல்லச் செல்ல அவற்றின் இனத்தொகை பெருகுகின்றது. பிரித்தானியா முழுவதிலும் நிலையாக வாழ்பவை 18 இனங்கள் அளவே. பனாமாக் கால்வாயின் நடுவே பாரோ கொலராடோ என்றொரு சிறு தீவு உண்டு. அதன் பரப்பு 16 சதுரக் கிலோமீற்றருக்கும் குறைவு. அங்கே மட்டும் 70க்கு மேற்பட்ட வௌவால் இனங்களை ஆய்வாளர் கண்டுள்ளனர். மலேசியாவின் கிறாவ் வனவிலங்கு ஒதுக்ககமும் இவ்வாறே 70 இனங்களுக்கு மேல் வாழும் இடமாகும். நம் இலங்கைத் தீவில் அறியப்பட்டவை ஏறக்குறைய 30 இனங்கள். டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ் என்ற தோட்டத்துரை 1935 இல் வெளியிட்ட இலங்கை முலையூட்டிகள் பற்றிய நூலே அவற்றை முறைப்படி வகுத்துக் காட்டிய பழைய நூலாகும்.

அயன மண்டலத்துக்கு இச்செல்வம் எவ்வாறு வாய்த்தது? குளிர்நாடுகளில் மாரிகாலம் வந்தால் பூச்சிகள் மறைந்துவிடும். அங்குள்ள வௌவால்கள் மாதக்கணக்காக உறங்கிக் கிடத்தல் வேண்டும், அல்லது வேறிடம் பெயர்தல் வேண்டும். பழத்தையும் தேனையும் நம்பி ஆண்டு முழுவதும் பிழைக்க அங்கு வழியில்லை. அயன மண்டலக் காட்டிலோ ஒரு மரம் ஓய்ந்தால் மற்றொரு மரம் பூக்கின்றது, ஒன்று பழுத்து முடிந்தால் வேறொன்று பழுக்கின்றது. பூச்சிக்கும் பஞ்சமில்லை. எனவே பூச்சியை மட்டும், பழத்தை மட்டும், தேனை மட்டும் நம்பி வாழ்வதற்கு இடமுண்டாகின்றது. இத்தகைய வாழ்க்கை இலட்சோபலட்சம் ஆண்டுகளாக நடந்துவந்ததனால் ஒவ்வோரினமும் தன் தன் தொழிலுக்கேற்ற வாயும் செவியும் சிறகும் பெற்றது. ஒரே காட்டில், ஒரே இரவில், ஒன்றன் உணவில் மற்றொன்று கைவையாமல் எழுபது இனங்கள் பிழைப்பது இப்பங்கீட்டினாலேயே.

ஒரே இரவு, பலவகை உணவு

பாரோ கொலராடோத் தீவின் குளங்களில் மாரிகாலத்து இரவுகளில் ஆண்தவளைகள் பெண்தவளைகளை அழைத்துக் கத்தும். அக்குரலைக் கேட்டு வரும் மற்றொரு பிராணியும் உண்டு. தவளைதின்னி வௌவாலே அது. மேர்லின் ரட்டில், மைக்கேல் றயன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1981 இல் இதுபற்றிய ஆய்வை வெளியிட்டனர். உண்ணத்தக்க தவளையின் குரலையும் நச்சுத்தேரையின் குரலையும் அவ்வௌவால் வேறுபிரித்தறியும் என்று அவர்கள் கண்டனர். தவளையின் நிலைதான் பரிதாபமானது. மிகுதியாகக் கத்தினால் துணை கிடைக்கும், கூடவே எமனும் வருவான். வாய்மூடியிருந்தால் உயிர் தப்பும், வம்சம் தழைக்காது.

அமெரிக்க அயன மண்டலத்தில் மீன்பிடி வௌவாலும் உண்டு. நீர்ப்பரப்பில் மீன் எழுப்பும் சிற்றலையைத் தன் ஒலியால் அறிந்து, நீண்ட கால்நகங்களாலே அள்ளிச் செல்லும் திறமுடையது அது. எக்குவடோர் நாட்டு மலைக்காடுகளில் 2005 இல் விவரிக்கப்பட்ட தேனுண்ணி வௌவாலொன்றின் நாக்கு அதன் உடலைப்போல் ஒன்றரை மடங்கு நீளமானது. வாயில் அடங்காமையால் அந்நாக்கின் அடி மார்புக்கூட்டினுள்ளே அமைந்திருக்கின்றது. நீண்ட குழல் வடிவான பூவொன்று தன் மகரந்தத்தைச் சுமப்பதற்கு இந்த ஒரு வௌவாலையே நம்பியிருக்கின்றது.

குருதியுண்ணும் வௌவால்களைப் பற்றிய கதைகள் உலகெங்கும் பரவியுள்ளன. உண்மையில் இவை மூன்று இனங்களே. மெக்சிக்கோ முதல் ஆர்ஜென்ரீனா வரையுள்ள நிலப்பகுதிகளையன்றி வேறெங்கும் இவை இல்லை. நம் நாட்டில் குருதியுண்ணும் வௌவால் ஒன்றுகூட இல்லை என்பதைத் தாய்மார் நன்கு அறிந்திருத்தல் நலம். மேலும், கொடியது என்று தூற்றப்படும் அவ்வினத்திடத்தே வியத்தகு பண்பொன்றும் உண்டு. இரண்டு மூன்று இரவுகள் தொடர்ந்து உணவு கிடையாவிடின் அவ்வௌவால் இறந்துபடும். அவ்வாறு பசித்துத் திரும்பிய ஒன்றுக்கு, வயிறு நிறைந்து வந்த மற்றொன்று தான் உண்டதைக் கக்கிக் கொடுப்பதைக் கொஸ்தாறிக்கா நாட்டில் ஆராய்ந்து ஜெரால்ட் வில்கின்சன் என்பவர் 1984 இல் வெளியிட்டார். உறவினருக்கு மட்டுமன்றி, நெடுநாட் பழகிய அயலாருக்கும் அவை இவ்வாறு ஈகின்றனவாம்.

ஓசையே விளக்கு

இருளில் இவை வழியறிவது எப்படி என்ற வினாவை 1793 இல் இத்தாலியரான ஸ்பல்லன்சானி எழுப்பினார். கண்பார்வை இழந்த வௌவாலும் கட்டியிருந்த நூல்களில் முட்டாமற் பறந்தது. ஜெனீவாவைச் சேர்ந்த ஜுரீன் என்னும் மருத்துவர் அதன் செவிகளை அடைத்தார். உடனே அது தடுமாறி முட்டியது. செவியாற் காண்பதா என்று அக்காலத்தறிஞர் நகைத்தனர். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னரே விடை கிடைத்தது. 1938 இல் ஹாவாட் பல்கலைக்கழக மாணவரான டொனால்ட் கிறிபின், மனிதச் செவிக்கு எட்டாத ஒலிகளைக் கண்டறியும் கருவியின் முன்னே வௌவால்களைக் கொண்டுசென்றார். அமைதியாகப் பறப்பதாக எண்ணப்பட்ட அவை ஓயாது கூவிக்கொண்டிருப்பதைக் கருவி காட்டியது. அக்கூவல் பொருள்களிற் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டே அவை தூரமும் திசையும் அறிகின்றன.

நமது ஆலமரத்தில் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால் இவ்வித்தையை அறியாது. அது தன் பெரிய கண்களையும் மோப்பத்தையும் நம்பியே செல்லும். ஏனையவற்றுள் ஒவ்வோரினத்துக்கும் தனித்தனிச் சுருதி உண்டு. திறந்த வெளியில் விரைந்து பறப்பது ஒருவகையாகக் கூவும், இலைச்செறிவினுள் நுழைந்து வேட்டையாடுவது வேறுவகையாகக் கூவும். இலைமூக்கு வௌவால்களின் முகத்திலே காணப்படும் விசித்திரமான மடிப்புகள், மூக்கின் வழியே வெளிவரும் ஒலியை ஒருமுகப்படுத்தி அனுப்புவதற்கு உதவுவனவாம். அவலட்சணம் என்று நாம் முகஞ்சுளிக்கும் அம்முகம் அதற்கு விளக்குக்கூடாக அமைந்திருக்கின்றது.

இக்கூவலுக்கு மறுமொழி சொல்லும் செடிகளும் உண்டு. கியூபா நாட்டு மழைக்காட்டுக் கொடியொன்று தன் பூங்கொத்தின் மேலே கிண்ணம்போற் குழிந்த இலையொன்றை ஏந்தி நிற்கின்றது. எத்திசையிலிருந்து ஒலி வந்தாலும் அவ்விலை அதனைத் தெளிவாகத் திருப்பியனுப்பும். அவ்விலை இருக்கும்போது வௌவால் பூவைத் தேடும் நேரம் பாதியாகக் குறைவதை 2011 இல் ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். பகற்பூக்கள் வண்ணத்தாலே வண்டை அழைக்கின்றன. இந்தப் பூ ஓசையாலே வௌவாலை அழைக்கின்றது.

இலைக்குடிலும் குடுவை மாளிகையும்

வௌவால் வீட்டுக்கு விருந்து போனால் தலைகீழாய்த் தொங்கவேண்டியதுதான் என்று நம்மவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆனால் எந்த வௌவால் வீட்டுக்கு என்று முதலிற் கேட்டறிதல் வேண்டும். குகையும் மரப்பொந்தும் கோயில் மண்டபமும் மட்டும் அவற்றின் வீடுகள் அல்ல.

மத்திய அமெரிக்காவில், வாழையை ஒத்த காட்டுச்செடியொன்றின் இலை நரம்பைக் கடித்துக் கூடாரம்போல் மடித்துக்கொண்டு, பஞ்சுருண்டை போன்ற வெள்ளை வௌவால்கள் அதன்கீழே கூட்டமாகத் துயிலும். இன்னும் விரியாத குருத்திலையின் குழலுக்குள்ளே வாழ்வது வேறோர் இனம். வழுக்கும் இலையிற் பற்றிக்கொள்ள அதன் கைகால்களில் சிறு வட்டத் தட்டுகள் உள்ளன. இவ்வினம் தலை மேலாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே அதன் வீட்டு விருந்தாளி தலைகீழாய்த் தொங்கவேண்டியதில்லை.

போர்னியோத் தீவிலே கம்பளி வௌவாலொன்று, பூச்சியுண்ணும் குடுவைச் செடியின் குடுவைக்குள்ளேயே பகலைக் கழிக்கின்றது. செடி அதனை உண்பதில்லை. வௌவாலின் எச்சமே செடிக்கு உரமாகின்றது. செடியின் இலைகளிலுள்ள நைதரசனில் மூன்றிலொரு பங்கு இவ்வழியாற் கிடைப்பதென 2011 இல் கணக்கிட்டுள்ளனர்.

இவை தொலைதூரத்துப் புதுமைகள் என்று எண்ணிவிடலாகாது. நம் குறுமூக்குப் பழந்தின்னி வௌவால் கித்துள் மரத்தின் காய்க்குலைக்குள்ளே கடித்துக் கடித்து இடம்பண்ணி அதனைக் கூடாரமாக்குகின்றது. பனையோலையின் கீழும் தங்குகின்றது. கூடாரம் அமைப்பது பெரும்பாலும் ஆண்வௌவால் என்று தென்னிந்தியாவில் நடந்த ஆய்வுகள் கூறுகின்றன. வீடு கட்டி முடித்த பின்னரே அதற்குக் குடும்பம் வாய்க்கின்றது. செம்மஞ்சளும் கறுப்பும் கலந்த சிறகுகளையுடைய சித்திர வௌவாலும் நம் நாட்டில் உண்டு. காய்ந்து தொங்கும் வாழைச்சருகே அதன் வீடு. அச்சருகின் நிறத்தோடு தன் நிறமும் ஒத்திருத்தலால், தோட்டக்காரர் பலர் அதைத் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் கண்டதில்லை. வாழையடிச் சருகை வெட்டி எரிக்குமுன் ஒரு கணம் தட்டிப் பார்ப்பது நல்லதல்லவா?

காட்டை நடுபவர்

பறவைகள் பெரும்பாலும் கிளையில் அமர்ந்திருக்கும்போதே எச்சமிடும். ஆதலின் விதைகள் மரத்தடியிலேயே மிகுதியாக விழும். பழந்தின்னி வௌவால்களோ பறக்கும்போதே விதைகளைச் சிந்துவன. இருளில் வெட்டவெளியைக் கடக்கவும் அவை அஞ்சுவதில்லை. இதனால், வெட்டியழிக்கப்பட்ட காட்டுநிலத்தில் முதன்முதல் முளைத்தெழும் செடிமரங்களுட் பல வௌவால் விதைத்தவையாக இருக்கின்றன. அமெரிக்க அயன மண்டலத்தில் நம் மிளகுக்கொடியின் உறவினமான செடிகளைப் பரப்புவதையே முக்கிய தொழிலாகக் கொண்ட வௌவால்களும் உள்ளன.

நம் இலுப்பை மரத்தின் பூவும் பழமும் வௌவாலுக்கு விருப்பமானவை. அது கொத்திச்சென்று தொலைவிற் போடும் கொட்டைகளே இளமரங்களாகின்றன. இலவம்பூவுக்கும் அது மகரந்தம் சுமக்கின்றது. மலாய் நாட்டின் முள்நாறிப் பழமும் குகைவாழ் தேனுண்ணி வௌவாலுக்குக் கடமைப்பட்டது. மன்னாரிலே பருத்து நிற்கும் பெருக்க மரங்களை வாசகர் பலர் கண்டிருப்பர். அவற்றின் தாயகமாகிய ஆபிரிக்காவில், மாலையில் மலர்ந்து தலைகீழாய்த் தொங்கும் அவ்வெள்ளைப் பூக்களை நாடி வருவன பழந்தின்னி வௌவால்களே. அக்கண்டத்துச் சாம்பியா நாட்டின் கசங்கா வனத்திற்கு ஒவ்வோர் ஆண்டும் ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை ஒரு கோடியளவான பழந்தின்னி வௌவால்கள் வந்து கூடுகின்றன. ஓர் இரவில் அவை எத்தனை விதைகளைச் சுமந்து செல்லும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

பூச்சியுண்ணும் வௌவால்களின் ஊழியம் இதனினும் மறைவானது. தாய்லாந்தின் நெல்வயல்களில் தத்துப்பூச்சியை உண்ணும் ஒரேயோர் இனத்தால் ஆண்டுதோறும் ஏறக்குறைய 2,900 தொன் நெல் காக்கப்படுவதாகவும், அது 26,000 பேருக்கு ஓராண்டு உணவாகும் என்றும் 2014 இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. கூலி கேளாத வேலையாட்கள் இவர்கள்.

அஞ்ச வேண்டியது எது?

இவ்வளவும் கூறிய நாம், மறுபக்கத்தை மறைப்பது முறையன்று. வௌவால்களின் உடலில் சில கொடிய நோய்க்கிருமிகள் தங்குகின்றன. 1998 இல் மலேசியாவில் தோன்றிய நீபா நோய் அடுத்த ஆண்டுக்குள் அந்நாட்டில் 105 உயிர்களைக் கவர்ந்தது. பன்றிப் பண்ணைகளை அடுத்து நின்ற பழமரங்களில் வௌவால்கள் உண்டு சிந்தியவற்றைப் பன்றிகள் தின்றன. பன்றிகளிடமிருந்து நோய் மனிதருக்குத் தாவியது. 2018 இல் கேரளத்திலும் இந்நோய் தோன்றியது.

ஆதலால் சில கட்டுப்பாடுகள் வேண்டற்பாலன. வௌவாலை வெறுங்கையால் தொடலாகாது. வௌவால் கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சவர்க்காரமிட்டு நன்கு கழுவித் தாமதியாது வைத்தியரிடம் செல்லல் வேண்டும். அணில் கோதிய மாம்பழமும் வௌவால் அரித்த மாம்பழமும் தனிச்சுவை என்று பிள்ளைகள் பொறுக்கித் தின்பதுண்டு. அப்பழக்கத்தை நிறுத்துவது நன்று. அவை வாழும் மரத்தையும் குகையையும் நாம் குலைக்காதிருப்பதும் ஒரு காவலே. வீடிழந்த வௌவால் காட்டை விட்டு நம் தோட்டத்தை நாடிவருகின்றது. விரட்டுந்தோறும் அது நம்மை நெருங்குகின்றதேயன்றி விலகுவதில்லை.

கிறிஸ்மஸ் தீவின் கடைசிக் குரல்

பெரும்பாலான வௌவால்கள் ஆண்டுக்கு ஒரு குட்டியே ஈனும். ஒத்த பருமனுடைய எலி ஓராண்டில் இழந்ததை ஈடுசெய்துவிடும். வௌவாற் கூட்டமோ ஒருமுறை அழிந்தால் எழுவதற்குப் பல்லாண்டு செல்லும். மொறிசியஸ் தீவில் பழத்தோட்டங்களைக் காப்பதற்கென 2015 முதல் பல்லாயிரம் வௌவால்களை அரசினர் கொல்வித்தனர். அத்தீவுகளுக்கே உரிய அவ்வினம் இன்று அழிவை எதிர்நோக்கும் உயிர்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. மரத்துக்கு வலையிடுவதே பழத்துக்கும் வௌவாலுக்கும் பாதுகாப்பென்று அறிஞர் வற்புறுத்துகின்றனர்.

இந்து சமுத்திரத்திலே, யாவாவுக்குத் தெற்கே கிறிஸ்மஸ் தீவு உள்ளது. அவுஸ்திரேலியாவின் ஆட்சிக்குட்பட்ட அத்தீவில் மட்டும் வாழ்ந்த சின்னஞ்சிறு வௌவாலினம் ஒன்று இருந்தது. முன்னர் எங்கும் காணப்பட்ட அது, 1990 ஐ அடுத்த ஆண்டுகளில் விரைந்து குறையலாயிற்று. வெளியிலிருந்து வந்து புகுந்த பாம்பும் எறும்பும் காரணமாயிருக்கலாம் எனக் கருதினர். எஞ்சியவற்றைப் பிடித்து வளர்த்துக் காக்கலாமா என்று ஆலோசித்து முடிவு செய்வதற்குள் காலம் கடந்துவிட்டது. 2009 ஓகஸ்ட் மாத இறுதியில், வலைகளோடும் ஒலிக்கருவிகளோடும் காத்திருந்தோருக்கு ஒரேயொரு வௌவாலின் கூவல் மட்டும் கேட்டது. அது வலையிற் சிக்கவில்லை. அதன்பின் அக்குரல் கேட்கவேயில்லை. 2017 இல் அவ்வினம் அற்றுப்போயிற்றென அறிவிக்கப்பட்டது.

பதிலொலி தேடிக் கூவுவது வௌவாலின் இயல்பு. தன்னினத்தில் எவருமில்லாத காட்டிலே, மரத்திலும் பாறையிலும் பட்டுத் திரும்பிய தன் குரலையே கேட்டுக்கொண்டு அவ்வுயிர் பறந்த கடைசி இரவை நினைத்தால் நெஞ்சு கனக்கின்றது.

மாறாகத் தமிழகத்துச் சிற்றூர்கள் சிலவற்றை நினைந்து பெருமைப்படலாம். ஊர் ஆலமரத்தில் தலைமுறை தலைமுறையாக வாழும் வௌவால்கள் வெருளும் என்று, தீபாவளியன்றும் அங்குள்ளோர் வெடி கொளுத்துவதில்லை. வெடிக்காக அழும் பிள்ளையைத் தேற்றித் தெய்வத்துக்குரிய உயிரென்று காட்டி வளர்க்கும் அத்தாய்மார், எந்தப் பல்கலைக்கழகமும் கற்பியாத பாடத்தைக் கற்பிக்கின்றனர்.

சிறுவனுக்கு விடை

எமது விடுதியில் இறந்த வௌவால் எவ்வினத்தது? அதை மறுநாட் காலையிலேயே குப்பையோடு அகற்றிவிட்டனர். ஆகவே அச்சிறுவனுக்கு உறுதியான விடையை நாம் ஒருபோதும் கூறமுடியாது. எனினும் அடுத்தமுறை கேட்டால் விடைகூறுவதற்கு எம்மை ஆயத்தப்படுத்திக்கொண்டோம். பகலில் மரத்திலே கூட்டமாகத் தொங்கி, நரிமுகமும் செம்பட்டைக் கழுத்தும் உடையதாயின் அது பெரிய பழந்தின்னி. பேராதனைப் பூந்தோட்டத்து மரங்களில் இதனைப் பெருந்தொகையாகக் காணலாம். புறா அளவினும் சிறிதாய், நாய்முகமும் வெள்ளை விளிம்பிட்ட காதும் உடையது குறுமூக்குப் பழந்தின்னி. நெற்றியிலே ஒன்றோடொன்று இணைந்த பெருஞ்செவிகளோடு, தங்குமிடத்தின் கீழே தவளைக்காலும் பல்லிவாலும் சிந்தியிருந்தால் அது ஊனுண்ணும் பெருஞ்செவி வௌவால். மூக்கின்மேல் இலைபோன்ற மடிப்பிருந்தால் இலைமூக்கு வகை அல்லது இலாட மூக்கு வகை. இவை ஒன்றுமின்றி, கட்டைவிரலளவாய் விளக்கைச் சுற்றிப் பூச்சி பிடிப்பது பெரும்பாலும் சிறுவௌவால் வகையாகும்.

இப்பொழுது எமது விடுதியில் ஒரு வழக்கம் உண்டாகியிருக்கின்றது. வௌவால் உள்ளே வந்தால் பிள்ளைகள் விளக்கை அணைத்து, யன்னல்களை அகலத் திறந்துவிட்டு, சுவரோடு ஒதுங்கி நிற்கின்றனர். சற்றுநேரத்தில் அது தானாகவே வழிகண்டு வெளியேறிவிடும். சென்ற கிழமையும் ஒன்று வந்தது. அது போனபின் விளக்கை ஏற்றினோம். முன்னர்க் கேள்வி கேட்ட அதே சிறுவன், "மூக்கிலே இலை இருந்தது சேர்" என்றான்.

தும்புத்தடி மூலையிலேயே சாத்தியபடி இருந்தது.